ஆரம்பகாலப் போர் நீர்மூழ்கிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகின் முதல் நீர்மூழ்கிக் கப்பலைக் கட்டியவர் யார்?

எதை நீர்மூழ்கி என்று ஒத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1578-இல் வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர், விரும்பியபோது மூழ்கி விரும்பியபோது மேலே வரும் படகு ஒன்றைப் பற்றி எழுதினார். கட்டவில்லை. 1620-களில் கார்னெலிஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரர், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் ஆதரவில், எண்ணெய் ஊறிய தோல் போர்த்திய மரப்படகை லண்டனின் தேம்ஸ் ஆற்றில் நீருக்கடியில் துடுப்புப் போட்டு ஓட்டிக் காட்டினார். கூட்டம் வேடிக்கை பார்த்தது. கடற்படை அதை எடுத்துக்கொள்ளவில்லை.

ரஷ்யாவில் யெஃபிம் நிக்கோனோவ் என்ற தச்சர் 1718-இல் நேரடியாக மன்னர் பீட்டருக்கே மனுப் போட்டார்: எதிரிக் கப்பலுக்கு அடியில் மறைந்து செல்லும் கலம் செய்து தருகிறேன் என்று. வேலை கிடைத்தது, கலமும் உருவானது, சோதனையில் அடிப்பாகம் உடைந்தது. 1725-இல் பீட்டர் இறந்ததும் திட்டத்துக்கு ஆதரவு இல்லாமல் போயிற்று.

உண்மையான போரில், உண்மையான எதிரிக் கப்பலை நோக்கிச் சென்ற முதல் நீர்மூழ்கி என்று கேட்டால் 1776-இன் அமெரிக்க 'டர்ட்டில்'தான்.

டர்ட்டில் எப்படி இருந்தது? ஒரே ஆள் ஓட்டினார் என்பது நிஜமா?

நிஜம். கனெக்டிகட்டைச் சேர்ந்த டேவிட் புஷ்னெல் ஒரு விவசாயியின் மகன். முப்பது வயதைத் தாண்டிய பிறகு யேல் கல்லூரியில் சேர்ந்து 1775-இல் பட்டம் பெற்றார். படிக்கும்போதே, வெடிமருந்து தண்ணீருக்கடியிலும் வெடிக்கும் என்று செய்து காட்டியிருந்தார். அடுத்த கேள்வி, அதை எதிரிக் கப்பலுக்கு அடியில் கொண்டுபோய் வைப்பது எப்படி? அதற்கு வாகனமாகத்தான் டர்ட்டில் பிறந்தது.

ஓக் மரப் பலகைகளை வளைத்து, இரும்புப் பட்டை போட்டு இறுக்கி, தார் பூசிய கூடு. உயரம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். இரண்டு ஆமை ஓடுகளைச் சேர்த்து வைத்த வடிவம் என்பதால் ஆமை என்றே பெயர். அடியில் ஈயம், அவசரம் என்றால் அதில் சுமார் 200 பவுண்டை உள்ளிருந்தே கீழே இறக்கிவிட்டு மேலே வந்துவிடலாம்.

உள்ளே உட்கார்ந்தவரின் பாடுதான் பாவம். காலால் வால்வை மிதித்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும், மூழ்க. கையால் பம்ப் அடித்து அதை வெளியேற்ற வேண்டும், எழ. முன்னால் போக ஒரு திருகு, மேலும் கீழும் போக இன்னொரு திருகு, இரண்டும் உடல் பலத்தில் சுற்ற வேண்டியவை. சுக்கானையும் பிடிக்க வேண்டும். தலைக்கு மேலே, எதிரிக் கப்பலைத் துளைக்கும் இன்னொரு திருகு. மூழ்கியபின் காற்று சுமார் முப்பது நிமிடத்துக்குத்தான் வரும். உள்ளே மெழுகுவத்தி ஏற்றினால் அந்தக் காற்றும் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், திசைகாட்டியிலும் ஆழமானியிலும் இருட்டில் மினுங்கும் ஒருவகைப் பூஞ்சைக் கட்டையைப் பதித்தார்கள். குளிர் வந்ததும் அது மினுங்குவதை நிறுத்திவிட்டது! இதற்கு வழி கேட்டு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வரை விசாரணை போயிருக்கிறது.

அதில் இருந்த வெடிகுண்டு எப்படி வேலை செய்தது?

குடைந்த ஓக் கட்டைக்குள் 150 பவுண்டு வெடிமருந்து, கூடவே ஒரு கடிகாரப் பொறி, ஒரு துப்பாக்கிச் சுடுபொறி. மேலே இருக்கும் திருகை எதிரிக் கப்பலின் அடிமரத்தில் ஏற்றிவிட்டுக் கழற்றிக்கொள்ள வேண்டும். திருகோடு கயிற்றால் கட்டப்பட்ட குண்டு அங்கேயே தொங்கும். குண்டு டர்ட்டிலை விட்டுப் பிரிந்த நொடியில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், குறித்த நேரத்தில் தீப்பொறி விழும். படகைக் காட்டிலும் இந்தக் குண்டுதான் அந்தக் காலத்துக்கு அபாரமான வேலை என்பது என் கருத்து.

பிறகு ஏன் தாக்குதல் தோற்றது?

பழகிய ஓட்டுநர் புஷ்னெலின் தம்பி எஸ்ரா. அவர் நோயில் விழுந்தார். அவசரமாகப் பயிற்சி பெற்ற சார்ஜென்ட் எஸ்ரா லீ, 1776 செப்டம்பர் 6 நள்ளிரவுக்கு மேல் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். இலக்கு, பிரிட்டிஷ் அட்மிரல் ஹோவின் 64 பீரங்கிக் கப்பலான 'ஈகிள்'. நீரோட்டம் அவரைக் கப்பலைத் தாண்டி அடித்துக்கொண்டு போனது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் திருகைச் சுற்றித் திரும்பி வந்து, கப்பலின் அடியில் நுழைந்தார். திருகு ஏறவில்லை. இடம் மாற்றி மறுபடி முயன்றார், அப்போதும் ஏறவில்லை. விடியப்போகிறது என்று திரும்பும் வழியில், தன்னை நோக்கிச் சிப்பாய்கள் படகில் வருவதைப் பார்த்துக் குண்டை அவிழ்த்துவிட்டார். அது யாருக்கும் சேதமில்லாமல் ஈஸ்ட் ஆற்றில் வெடித்தது.

கப்பலின் அடியில் செம்புத் தகடு இருந்ததால் துளைக்க முடியவில்லை என்ற கதைதான் பரவலாகச் சொல்லப்படுவது. புஷ்னெல் அப்படிச் சொல்லவில்லை. சுக்கான் கீல் அருகே இருந்த இரும்புப் பட்டையில் திருகு மாட்டியிருக்கும் என்று எழுதினார். எனக்கு இதைவிட எளிமையான காரணம் ஒன்று தோன்றுகிறது. தண்ணீரில் எடையே இல்லாததுபோல் மிதக்கும் கலத்தில் உட்கார்ந்து மேல்நோக்கி ஒரு திருகை அழுத்தினால், கப்பல் நகராது, நீங்கள்தான் கீழே போவீர்கள். சோர்ந்துபோன ஒரு மனிதர், கெட்ட காற்றில், கும்மிருட்டில் அதைச் சமாளிப்பது எப்படி?

பிரிட்டிஷ் கப்பலின் பதிவேடுகளில் இந்தத் தாக்குதல் பற்றி ஒரு வரியும் இல்லை. அதை வைத்து இந்தச் சம்பவத்தையே சந்தேகிக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. தங்களுக்கு அடியில் ஒருவர் வந்துபோனது தெரியாதவர்கள் அதை எப்படி எழுதியிருப்பார்கள் என்று எதிர்த்தரப்பு கேட்கும். டர்ட்டில், அதை ஏற்றிச் சென்ற சிறு கப்பலோடு அதே ஆண்டு அக்டோபரில் ஹட்சன் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டது. புஷ்னெல் பின்னாளில் ஜார்ஜியாவுக்குப் போய், டேவிட் புஷ் என்ற பெயரில் மருத்துவராக வாழ்ந்து இறந்தார்.

நெப்போலியனுக்கு நீர்மூழ்கி கட்டிக் கொடுத்தார்களாமே?

கட்டியவர் ராபர்ட் ஃபுல்டன், பின்னாளில் நீராவிப் படகால் புகழ்பெற்ற அதே அமெரிக்கர். 1800-இல் பிரான்சில் 'நாட்டிலஸ்' என்ற கலத்தை இறக்கினார். நீளம் ஆறரை மீட்டர்; இரும்புச் சட்டத்தின் மேல் செம்புத் தகடு; மூன்று பேர். மேற்பரப்பில் பாய் விரித்துப் போகலாம், மூழ்கும்போது பாயை மடக்கிவிட்டுக் கையால் புரொப்பல்லரைச் சுற்ற வேண்டும். அழுத்தப்பட்ட காற்றை ஒரு செம்புக் கோளத்தில் எடுத்துச் சென்று நீருக்கடியில் பல மணி நேரம் தங்கிக் காட்டினார். ஒரு பழைய சிறு கப்பலை வெடிவைத்துத் தகர்த்தும் காட்டினார். நகரும் பிரிட்டிஷ் கப்பல்களைத் துரத்திப் பிடிக்க மட்டும் முடியவில்லை, கைச்சுற்றின் வேகம் அவ்வளவுதான்.

இதில் சுவையான சங்கதி ஒன்று உண்டு. பிடிபட்டால் தன் ஆட்களைக் கடற்கொள்ளையர்போல் தூக்கில் போடாமல் இருக்க, அவர்களுக்கு முறையான ராணுவப் பதவி கொடுக்கும்படி ஃபுல்டன் கேட்டார். பிரெஞ்சுக் கடற்படை அமைச்சர் மறுத்தார். மறைந்திருந்து தாக்குவது மரியாதையான போர் இல்லையாம்.

நெப்போலியன் பார்க்க ஆசைப்பட்டபோது, ஒழுகுகிறது என்று ஃபுல்டன் கலத்தைப் பிரித்துப் போட்டிருந்தார். அப்புறம் மனிதர் கட்சி மாறி இங்கிலாந்துக்கே போய்விட்டார். பிரதமர் பிட் ஆதரித்தார். 1805 அக்டோபர் 15 அன்று 'டொரத்தியா' என்ற கப்பலைத் தன் நீரடிக் குண்டால் இரண்டாகப் பிளந்து காட்டினார். ஆறே நாளில் டிரஃபால்கர் போரில் பிரெஞ்சு, ஸ்பானிய கப்பற்படை நொறுங்கியது. பிரிட்டனுக்கு இனி இந்த வித்தை எதற்கு? கடலை ஆள்பவர்களுக்கு வேண்டாத, ஜெயித்தால் அந்த ஆட்சியையே பறித்துவிடும் ஒரு போர்முறையை ஊக்குவிக்கும் பிட் ஒரு முட்டாள் என்று அட்மிரல் செயின்ட் வின்சென்ட் பிரபு சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

ஏன் எப்போதும் பலவீனமான கடற்படைதான் நீர்மூழ்கியைத் தேடியது?

செயின்ட் வின்சென்ட் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. இந்தக் கண்டுபிடிப்பின் வரலாறு கிட்டத்தட்ட முழுக்க முழுக்கக் கடல் முற்றுகைகளின் வரலாறு. அமெரிக்கக் கிளர்ச்சியாளர்களின் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கப்பல்கள் நின்றன, டர்ட்டில் வந்தது. பிரெஞ்சுக் கடற்கரையை பிரிட்டன் அடைத்தது, நாட்டிலஸ் வந்தது. வட ஜெர்மனியின் கீல் துறைமுக நகரை டென்மார்க் அடைத்தது, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களை வடக்கு அடைத்தது. பெரிய கப்பல் கட்டக் காசும் காலமும் இல்லாதவனுக்கு, பெரிய கப்பலை அடியிலிருந்து ஓட்டை போடும் சிறிய கலம் ஒன்றுதான் கணக்குக்கு ஒத்து வந்தது. அதனால்தான் அரைகுறையாக இருந்தும், ஆள் செத்தும், திரும்பத் திரும்ப முயன்றார்கள்.

கீல் நகரின் நீர்மூழ்கி என்ன ஆயிற்று?

மூழ்கியது, ஆனால் மூவரும் பிழைத்தார்கள். வில்ஹெல்ம் பவுவர் என்ற பவேரியப் பீரங்கிப்படை வீரர் 1850-இல் கட்டிய 'பிராண்ட்டாவ்கர்' எட்டு மீட்டர் நீள இரும்புக் கலம். இரண்டு பேர் சக்கரத்தை மிதித்து ஓட்டினார்கள். பணத்தை மிச்சம்பிடிக்கத் தகடுகளை மெல்லியதாக்கினார்கள். தண்ணீருக்குத் தனித் தொட்டி வைக்காமல், அதைக் கலத்தின் அடித்தளத்திலேயே விட்டார்கள். பாதி நிரம்பிய குடத்தைச் சாய்த்தால் தண்ணீர் ஒரு பக்கமே ஓடுமல்லவா, 1851 பிப்ரவரி 1 அன்று அதுதான் நடந்தது. எல்லாத் தண்ணீரும் பின்பக்கம் ஓட, கலம் வால் குத்திக் கடலடிக்குப் போனது.

வெளி அழுத்தம் அழுத்திப் பிடிக்கும்போது மூடியைத் திறக்கவே முடியாது. பவுவர் சொன்ன யோசனை கேட்கவே பயங்கரமானது: தண்ணீரை இன்னும் உள்ளே விடுவோம். உள்ளே மிஞ்சிய காற்று நசுங்கி வெளி அழுத்தத்துக்குச் சமமாகும்வரை பல மணி நேரம் காத்திருந்தார்கள். கூட இருந்த இருவருக்கும் முதலில் இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. கடைசியில் மூடி திறந்தது. வெளியேறிய காற்றோடு மூவரும் மேலே வந்தார்கள். நீர்மூழ்கியிலிருந்து தப்பிய முதல் மனிதர்கள் என்று பதிவானவர்கள் இவர்கள்தான்.

எதிரிக் கப்பலை முதன்முதலில் மூழ்கடித்த நீர்மூழ்கி எது?

'ஹெச். எல். ஹன்லி', அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் கலம். 1863-இல் அலபாமாவின் மொபீல் நகரில் கட்டி, ரயிலில் ஏற்றி, முற்றுகையில் தவித்த சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். சுமார் 12 மீட்டர் நீளம். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து ஒரே நீண்ட தண்டைக் கையால் சுற்ற, முன்னால் ஒரு தளபதி வழிநடத்துவார்.

எதிரிக்கு முன் சொந்த ஆட்களைத்தான் அது கொன்றது. ஆகஸ்ட் 29 அன்று மூடிகள் திறந்திருக்கும்போதே கலம் மூழ்கி ஐந்து பேர் பலி. மீட்டார்கள். அக்டோபர் 15 அன்று, திட்டத்துக்குப் பணம் போட்ட ஹொரேஸ் ஹன்லியே தலைமையேற்றுப் பயிற்சிக்கு இறங்கினார். முன்தொட்டியின் வால்வு திறந்தபடியே விடப்பட்டிருந்தது. அவர் உட்பட உள்ளே இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். மறுபடி மீட்டார்கள்! இது எதிரியைவிட ஓட்டுபவர்களுக்குத்தான் ஆபத்து என்று தென்மாநிலப் படைத் தளபதி போரெகார்ட் வெறுத்துப்போனார். ஆனாலும் லெப்டினன்ட் ஜார்ஜ் டிக்சன் தலைமையில் மூன்றாவது குழு சேர்ந்தது, எல்லோரும் விரும்பி வந்தவர்கள். தங்களுக்கு முன் அதே இருக்கைகளில் இறந்தவர்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியும்.

1864 பிப்ரவரி 17 இரவு, முற்றுகையில் நின்ற வடக்கின் 'ஹௌசடானிக்' என்ற 1,240 டன் கப்பலை நெருங்கினார்கள். ஹன்லியின் மூக்கில் சுமார் ஐந்து மீட்டர் கம்பம், அதன் நுனியில் 135 பவுண்டு கருமருந்துக் குண்டு. அதைக் கொண்டுபோய்க் கப்பலின் விலாவில் மோதினார்கள். ஹௌசடானிக் ஐந்து நிமிடத்துக்குள் மூழ்கியது. அங்கே ஆழம் குறைவு என்பதால் பெரும்பாலோர் பாய்மரக் கயிறுகளில் ஏறித் தப்பினார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். ஹன்லி திரும்பி வரவில்லை.

ஹன்லியின் எட்டுப் பேரும் எப்படி இறந்தார்கள்?

கலம் 1995-இல் கண்டுபிடிக்கப்பட்டு, 2000 ஆகஸ்ட் 8 அன்று தூக்கப்பட்டது. உள்ளே இருந்த காட்சிதான் ஆய்வாளர்களைக் குழப்பியது. எட்டு எலும்புக்கூடுகளும் அவரவர் இடத்தில் இருந்தன. மூடியை நோக்கி முண்டியடித்த அடையாளம் இல்லை. உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்றும்படி பம்புகளும் திருப்பப்படவில்லை. தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு எட்டுப் பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்களா?

நீண்ட காலம், காற்றுத் தீர்ந்து மயங்கியிருப்பார்கள் என்று நம்பினார்கள். பின்னர் கம்பத்தின் நுனியைச் சுத்தம் செய்தபோது, குண்டின் செம்பு உறையின் கிழிந்த துண்டு அதிலேயே ஒட்டியிருந்தது தெரிந்தது. அதாவது குண்டை விட்டுவிட்டு விலகிப் போகவில்லை. ஐந்து மீட்டர் தூரத்திலேயே அது வெடித்திருக்கிறது. 2017-இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, மெல்லிய இரும்பைத் தாண்டி வந்த வெடி அலையே அவர்களின் நுரையீரலைச் சிதைத்துக் கொன்றது என்றது. எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. ஆனால் கம்பத்தின் நீளத்தையும் மருந்தின் எடையையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு இந்த விளக்கம்தான் பொருந்துகிறது.

டிக்சன் ஒரு தங்க நாணயம் வைத்திருந்தார், அதே உள்நாட்டுப் போரின் ஷைலோ சண்டையில் அவரைக் குண்டு துளைக்காமல் காத்த நாணயம் என்று ஒரு கதை வழிவழியாக வந்தது. பலர் நம்பவில்லை. 2001-இல் அவர் எலும்புகளின் அருகே, வளைந்துபோன 20 டாலர் நாணயம் கிடைத்தது. அதில் ஷைலோ, 1862 ஏப்ரல் 6, என் உயிர் காத்தது என்ற பொருளில் எழுத்துகள் பொறித்திருந்தன.

உள்ளே எவ்வளவு நேரம் மூச்சுவிட முடிந்தது?

ஹன்லி குழுவினர் இதை முன்பே சோதித்தார்கள். கடலடியில் கலத்தை நிறுத்தி, யாராவது ஒருவர் 'மேலே' என்று சொல்லும்வரை இருப்போம் என்று முடிவு. மெழுகுவத்தி 25 நிமிடத்தில் அணைந்தது. இருட்டில் தொடர்ந்து உட்கார்ந்து, மொத்தம் 2 மணி 35 நிமிடம் கழித்து மேலே வந்தார்கள். கரையில் இருந்தவர்கள் அதற்குள் அவர்கள் இறந்துவிட்டதாக முடிவுகட்டிவிட்டார்கள். இத்தகைய மூடிய அறையில் முதலில் வதைப்பது ஆக்சிஜன் குறைவைவிட, வெளியே விட்ட கரியமில வாயு சேர்வதுதான். கையால் தண்டைச் சுற்றுபவருக்கு மூச்சு வாங்குவதால் அது இன்னும் வேகமாகச் சேரும்.

எப்போதுதான் நீர்மூழ்கி உருப்படியான ஆயுதம் ஆயிற்று?

மூழ்குவது எப்படி என்ற கேள்விக்கு 1776-லேயே விடை கிடைத்துவிட்டது. கிடைக்காமல் இருந்தவை இரண்டு: கைப்பலம் அல்லாத ஓட்டம், எட்ட நின்று அடிக்கும் ஆயுதம். இரண்டாவது 1866-இல் வந்தது. ஃபியூமே நகரில் ராபர்ட் வைட்ஹெட், நீருக்கடியில் தானே ஓடிப்போய் வெடிக்கும் குண்டான டார்பிடோவை உருவாக்கினார். முதலாவதற்குச் சிலர் நீராவியை நம்பினார்கள். உலையை அணைத்து மூழ்கினாலும் உள்ளே வெந்து போகும் சூடு. சரிப்படவில்லை. ஈய அமில மின்கலம் தேறியபிறகுதான் வழி பிறந்தது. 1888 செப்டம்பரில் மட்டும் இரண்டு மின்சார நீர்மூழ்கிகள் இறங்கின: ஸ்பெயினில் ஐசக் பெரால் கட்டியது, பிரான்சில் 'ஜிம்னோட்'. பெராலின் கலத்தில் டார்பிடோக் குழாயும் இருந்தது. ஆனால் மின்கலம் தீர்ந்தால் துறைமுகத்துக்குத்தான் ஓட வேண்டும்.

ஜான் ஹாலந்தை ஏன் நவீன நீர்மூழ்கியின் தந்தை என்கிறார்கள்?

மேற்பரப்பில் பெட்ரோல் எஞ்சின், அடியில் மின் மோட்டார், அந்த எஞ்சினாலேயே மின்கலத்துக்கு மறுபடி மின்னேற்றம் என்ற ஏற்பாட்டை வேலை செய்யும் வடிவில் கொடுத்தவர் என்பதால். இன்னொன்றும் உண்டு. மூழ்கும்போது தொட்டியை அரைகுறையாக விடாமல் நிரப்பி, எடையின் மையம் அசையாமல் வைத்து, பின்புறத் தகடுகளால் மூக்கைச் சாய்த்து மீன்போல இறங்கினார். பவுவரைக் கவிழ்த்த சிக்கலுக்கு இது நேரான பதில்.

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் 1841-இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபின் இவருக்குப் பணம் கொடுத்தவர்கள் பிரிட்டனை எதிர்த்த அயர்லாந்துப் புரட்சியாளர்களான ஃபீனியன்கள். அவர்களுக்காக 1881-இல் 'ஃபீனியன் ராம்' இறங்கியது. பணத் தகராறு முற்றி, 1883 நவம்பரில் பணம் போட்டவர்களே கலத்தைத் திருடிக்கொண்டு போனார்கள். ஓட்டத் தெரியவில்லை. ஹாலந்து சொல்லித்தர மறுத்துவிட்டார்.

1897-இல் இறங்கிய 'ஹாலந்து 6' கலத்தை அமெரிக்கக் கடற்படை 1900 ஏப்ரல் 11 அன்று 1,50,000 டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே பிரிட்டன், பாரோ நகரில், ஹாலந்தின் வடிவமைப்பில் தன் முதல் நீர்மூழ்கியை இறக்கியது! பிரிட்டனை வீழ்த்தப் போட்ட ஃபீனியன் பணத்தில் கற்ற வித்தை, பிரிட்டனின் கைக்கே போய்ச் சேர்ந்தது. ஹாலந்து தன் பெயரில் தொடங்கிய நிறுவனத்திலேயே ஓரங்கட்டப்பட்டு 1904-இல் வெளியேறினார்.

அந்தக் கலங்களில் எலி வளர்த்தார்களாமே?

ஆமாம், பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளில் வெள்ளெலிகள். பெட்ரோல் எஞ்சின் புகையில் வரும் நச்சுவாயு மனிதருக்கு உறைக்கும் முன் எலிக்கு உறைக்கும். பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும் ஆபத்து தனி. டீசல் எஞ்சின் வந்ததும் இந்தத் தொல்லை தணிந்தது.

பெரிய கடற்படைகள் எப்போது இதைப் பார்த்துப் பயந்தன?

1914 செப்டம்பர் 22. ஜெர்மனியின் 'யு-9', முப்பது பேர்கூட இல்லாத குழுவோடு, வட கடலில் அபூக்கிர், ஹோக், கிரெஸி என்ற மூன்று பிரிட்டிஷ் குரூசர் போர்க்கப்பல்களை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் மூழ்கடித்தது. முதல் கப்பல் அடிபட்டதும் கண்ணிவெடி என்று நினைத்து, மற்ற இரண்டும் ஆட்களைக் காப்பாற்ற அங்கேயே நின்றன. ஏறக்குறைய 1,450 பேர் இறந்தார்கள். ஹாலந்து இறந்து ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

இவற்றை இன்று எங்கே பார்க்கலாம்?

ஹன்லி, அமெரிக்காவின் வடக்கு சார்ல்ஸ்டனில் உள்ள பாதுகாப்பு மையத்தில், உப்பு நீக்கும் கரைசல் தொட்டியில் இருக்கிறது. ஃபீனியன் ராம் நியூ ஜெர்சியின் பேட்டர்சன் அருங்காட்சியகத்தில், பிராண்ட்டாவ்கர் ஜெர்மனியின் டிரெஸ்டன் ராணுவ அருங்காட்சியகத்தில், பெராலின் கலம் ஸ்பெயினின் கார்த்தஹேனாவில், பிரிட்டனின் ஹாலந்து 1 காஸ்போர்ட்டில். டர்ட்டிலுக்கு மாதிரிகள் மட்டும்தான். வெளிநாடு போக வழியில்லை என்றால் விசாகப்பட்டினம் கடற்கரைக்குப் போகலாம். அங்கே நிறுத்தியிருக்கும் ஐஎன்எஸ் குர்சுரா காலத்தால் பிந்திய சோவியத் தயாரிப்பு; ஆனாலும் மேலே டீசல், அடியில் மின்கலம் என்ற அதே ஏற்பாடுதான். உள்ளே நடந்தே பார்க்கலாம்.